இரண்டாம் வகுப்பு வருகைப் பதிவேடு

அவள் முதன்முதலாக என் வீட்டுக்கு வந்தது ஒரு சனிக்கிழமை காலை. புக்கிட் பெருந்துங்கில் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீட்டின் கேட்டுக்கு வெளியே, மணியை அடிக்காமல், யாராவது தன்னைப் பார்ப்பார்களா என்று நின்றுகொண்டிருந்தாள். செடிக்குத் தண்ணீர் விடப் போன நான்தான் பார்த்தேன். நாற்பதைத் தாண்டியிருக்கும். கெர்லிங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையின் அடுக்களையில் காய் நறுக்கவும் பாத்திரம் கழுவவும் இருப்பதாகச் சொன்னாள்.

"ஸ்கூல்ல போயி கேட்டேன்க்கா. பழைய பேரேடு எதுவும் இங்க இல்ல, எல்லாம் பழைய கிராணியம்மா கம்ப்யூட்டர்ல இருக்குன்னு சொன்னாங்க."

அந்தப் பழைய கிராணியம்மா நான்தான். பத்தாங் பெர்ஜுந்தையைத் தாண்டிச் செம்பனை மரங்களுக்குள் இருந்த ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகள் அலுவலகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பள்ளி இன்று வேறிடத்தில் புதுக் கட்டடத்தில் நடக்கிறது.

உள்ளே அழைத்து உட்கார வைத்தேன். அவளுக்கு ஐ.சி. என்கிற அடையாள அட்டை இல்லை. குடிமக்களின் நீல அட்டையும் இல்லை, நிரந்தரவாசிகளின் சிவப்பு அட்டையும் இல்லை. ஆஸ்பத்திரியில் பிறக்காமல் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டிலேயே பிறந்தவள். பிறப்பைப் பதியாமலே விட்டிருக்கிறார்கள். அப்பா எப்போது போனார், எங்கே போனார் என்று அவளுக்குத் தெரியாது. சின்ன வயதிலேயே அம்மா இறந்துவிட்டாள். பெரியம்மா ஒருத்தி கூட்டிக்கொண்டு போய் வேறு தோட்டத்தில் வளர்த்தாள். அந்தப் பெரியம்மாவும் இப்போது இல்லை. இத்தனை வயதுக்குப் பிறகு யாரோ சொல்லி, துணிந்து பதிவு இலாகாவில் ஐ.சி.க்கு மனுப் போடப் போயிருக்கிறாள். சிறு வயதில் அந்தத் தோட்டத்தில் இருந்ததற்கு ஏதாவது ஒரு காகிதம் வேண்டும், பள்ளியில் படித்ததற்கான சான்று இருந்தால் நல்லது என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். அம்மாவின் அடையாளப் பத்திரத்தையும் கேட்டிருக்கிறார்கள். அம்மாவின் பெயரைத் தவிர அவளிடம் எதுவும் இல்லை. அந்தப் பெயரில் நூறு பேர் இருப்பார்கள். இறந்த தேதியாவது தெரியுமா என்று கேட்டதற்கு, மழை பெய்துகொண்டிருந்தது என்று மட்டும் இவளால் சொல்ல முடிந்திருக்கிறது.

பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையை எப்படிச் சேர்த்துக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் தோட்டப் பள்ளிகளில் அப்படித்தான் நடந்தது. பிறகு கொண்டு வா என்று சொல்லி, பெயரை எழுதி, பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள். அதனால் சேர்க்கைப் பேரேட்டில் அவள் பெயர் கட்டாயம் இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

"இருக்கும்மா. அஞ்சு நிமிஷத்துல எடுத்துத் தர்றேன்" என்றேன். அப்படிச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

அலமாரியிலிருந்து உள்ளங்கை அளவிலான அந்தக் கறுப்பு ஹார்ட் டிஸ்கை எடுத்து வந்து மடிக்கணினியில் செருகினேன். நான்கு ஆண்டுகளாக அதை நான் தொடவில்லை. சின்ன விளக்கு எரிந்தது. உள்ளே ஏதோ இரண்டு முறை தடுமாறுகிற மாதிரி சத்தம் கேட்டது. பிறகு திரையில் ஒரு செய்தி வந்தது. இந்த டிஸ்கைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டது.

செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இருபது ஆண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவள் நான். ஆனால் பக்கத்தில் அவள் நாற்காலியின் நுனிக்கு வந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம் என்று வேறு சொல்லிவிட்டேன். வேண்டாம் என்று அழுத்தினால் அந்தச் செய்தி மறைந்து மறைந்து திரும்ப வந்தது. மூன்றாவது முறை ஆம் என்று அழுத்திவிட்டேன். ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஓடி நின்றது. திறந்து பார்த்தபோது உள்ளே ஒன்றுமில்லை. வெறும் வெள்ளை.

"கெடச்சிருச்சாக்கா?"

"மிஷின் பழசும்மா, நேரம் எடுக்குது. அடுத்த சனிக்கிழமை வா, எடுத்து வைக்கிறேன்" என்று சொன்னேன்.

அவள் நம்பினாள். கேட்டைத் தாண்டிப் போன பிறகும் ஒரு முறை திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

அந்தப் பேரேடுகள் எப்படி ஒரு டிஸ்குக்குள் போய்ச் சேர்ந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். பள்ளி இடம் மாறுகிற ஆண்டு, சாமான் அறையில் இருந்த பழைய புத்தகங்களைக் கரையான் பிடித்திருந்தது. இவற்றை என்ன செய்வது என்று தலைமையாசிரியை என்னைக் கேட்டார். ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னவள் நான். ஆண்டிறுதி விடுமுறையில் காரின் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேசைமேல் ஸ்கேனரை வைத்து, பக்கம் பக்கமாக எடுத்தேன். சேர்க்கைப் பேரேடுகள் ஏழு. ஏழையும் முடித்தேன். பிறகு வகுப்பு வருகைப் பதிவேடுகள். அவை ஒரு அலமாரி நிறைய இருந்தன. ஒரே ஒரு கட்டைப் பிரித்துச் சில புத்தகங்களை எடுத்தேன். முதுகு வலித்தது. யார் என்றைக்கு வந்தார், வரவில்லை என்பது இனி யாருக்கு வேண்டும் என்று நினைத்தேன். முக்கியமானதெல்லாம் முடிந்தது, புத்தகங்களை எரித்துவிடலாம் என்று தலைமையாசிரியையிடம் சொன்னேன். பள்ளிக்குப் பின்னால் குழி தோண்டி எல்லாவற்றையும் போட்டு எரித்தார்கள். கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு நானும் நின்று பார்த்தேன்.

இன்னொரு நகல் எங்காவது இருக்கிறதா என்று தலைமையாசிரியை அன்றைக்கே கேட்டார். செய்துவிடுகிறேன் என்றேன். செய்யவில்லை.

திங்கட்கிழமை டிஸ்கை எடுத்துக்கொண்டு ரவாங்குக்குப் போனேன். கடைவீட்டு மாடியில் ஒருவர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். தமிழ்நாட்டுக் கடலோர ஊரிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பம். முன்பு டிவி, ரேடியோ பார்த்தவர், இப்போது கம்ப்யூட்டர் பார்க்கிறார். என் வயதிருக்கும். சுற்றுவட்டாரத் தமிழர்களுக்கெல்லாம் அவர் பாய்தான். எங்கள் பள்ளிக் கம்ப்யூட்டரையும் அவர்தான் பார்த்தார்.

என்ன ஆச்சு என்று கேட்டார்.

"தானா காலியாயிருச்சு பாய்" என்றேன்.

அவர் அதைத் தன் கருவியில் இணைத்துவிட்டுச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"தானா ஆகாதும்மா. யாரோ ஃபார்மட் குடுத்திருக்காங்க. சனிக்கிழமை காலையில பத்தே காலுக்கு. இதுலயே எழுதியிருக்கு."

 யார் என்று அவர் கேட்கவில்லை. அதற்குப் பிறகு என்னவெல்லாம் செய்தேன், ஏதாவது புதிதாக அதில் சேமித்தேனா என்று மட்டும் விசாரித்தார். இல்லை என்றதும் தலையசைத்தார். புத்தகத்தின் முன்னால் இருக்கும் பொருளடக்கம்தான் போயிருக்கிறது, உள்ளே பக்கங்கள் இருக்கும், அவற்றின் மேல் வேறு எதையும் எழுதாதவரை எடுக்கலாம் என்று விளக்கினார். ஆனால் டிஸ்குக்கே நோய் வந்திருக்கிறது. அதனால்தான் முதலில் அந்தச் செய்தி வந்தது. சில இடங்களைப் படிக்க முடியவில்லை. முதலில் முழு டிஸ்கையும் அப்படியே இன்னொன்றுக்கு நகல் எடுக்க வேண்டும், பிறகு நகலில்தான் வேலை செய்ய வேண்டும், மூலத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் அது ஒரேயடியாக நின்றுவிடும் என்றார். எத்தனை நாளாகும் என்று கேட்டேன். அது விடுகிறபடிதான் என்றார்.

அந்த யாரோ நான்தான் என்று அவர் எனக்காகச் சொல்லாமல் விட்டதை நினைத்துக்கொண்டே படியிறங்கினேன். வீட்டுக்கு வந்ததும் என் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, அந்தப் பெண்ணிடம் சொன்னாயா என்று மட்டும் கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை அவள் வந்தபோது டிஸ்க் இன்னும் ரவாங்கில்தான் இருந்தது. இந்த முறை மணியை அடித்தாள். தேநீர் கலந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். ஒரு வாரமாக மனதுக்குள் பல விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். எதுவும் உதவவில்லை.

"போன வாரம் உன்கிட்ட பொய் சொன்னேம்மா. மிஷின் மேல தப்பில்ல. அதுல இருந்ததை நான்தான் அழிச்சேன். தெரிஞ்சேதான் அழுத்தினேன்."

அவள் கிளாசைக் கீழே வைத்தாள். சோப்பு நீரில் ஊறி ஊறி அவள் விரல் நுனிகள் வெடித்திருந்தன.

"அந்தப் பொஸ்தகம் இருக்குல்லக்கா? பேப்பரு?"

"எரிச்சாச்சு."

"யாரு?"

"நான்தான் எரிக்கலாம்னு சொன்னேன்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அப்ப எல்லாமே நீங்கதான்" என்றாள்.

அதில் கோபம் இல்லை. கணக்கு சரியாக வருகிறதா என்று கூட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வது போல இருந்தது. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிறகு, அந்த பாய் எடுத்துக் கொடுத்துவிடுவாரா என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். அப்படி எடுத்தால் தானும் உட்கார்ந்து பார்ப்பதாகச் சொன்னாள். மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தது, ஆனால் பெயர் படிக்க வரும் என்றாள். கடையில் விடுப்பைத் திங்கட்கிழமையிலிருந்து சனிக்கிழமைக்கு மாற்றிக் கேட்பதாகவும் சொல்லிவிட்டுப் போனாள். தேநீரைப் பாதி குடிக்காமல் விட்டுவிட்டாள்.

டிஸ்க் பாதியில் இரண்டு முறை நின்றுபோனதாம். ஆறவிட்டு ஆறவிட்டு ஓட்டினேன் என்று பாய் சொன்னார். பன்னிரண்டாம் நாள் கூப்பிட்டு ஒரு புது டிஸ்கைக் கையில் கொடுத்தார்.

"படம் நெறைய வந்திருக்கு. பேரு எல்லாம் போயிருச்சும்மா."

நான் அப்போது சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. வீட்டில் திறந்தபோதுதான் தெரிந்தது. எந்தப் பேரேடு, எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என்று நான் ஒவ்வொன்றுக்கும் வைத்திருந்த பெயர்கள் ஒன்றுகூட இல்லை. வெறும் எண்கள். பதினோராயிரத்துக்கு மேல். பேரேட்டுப் பக்கங்களும், எங்கள் வீட்டுப் படங்களும், பள்ளி விளையாட்டுப் போட்டிப் படங்களும் கலந்து கிடந்தன. சில படங்கள் முழுதாக இருந்தன. சில பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாக இருந்தன. சில திறக்கவே இல்லை.

தவறிப்போனதை மட்டும் அது கொண்டுவரவில்லை. வேண்டுமென்றே அழித்தவையும் வந்திருந்தன. என் மகளுக்கு ஒரு முறை நிச்சயதார்த்தம் நடந்து, நான்கு மாதத்தில் முறிந்துபோனது. அந்தப் படங்களை அழித்துவிடச் சொல்லி அவளே என்னிடம் கேட்டாள். நானும் அழித்தேன். இப்போது அவை ஒவ்வொன்றாக என் முன்னால் வந்தன. பச்சைப் பட்டில் அவள் தலை குனிந்து சிரிக்கிறாள். அவளுக்குத் தொலைபேசியில் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லாமலே மறுபடியும் அழித்தேன். அதைச் செய்யும்போது ஒவ்வொரு படத்தையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் செய்தேன்.

சனிக்கிழமைகளில் காலை ஒன்பதுக்கெல்லாம் அந்தப் பெண் வந்துவிடுவாள். நான் படங்களைத் திறப்பேன், இருவரும் பார்ப்போம். பேரேட்டுப் பக்கங்களைச் சேர்க்கை எண் வரிசைப்படி நான் அடுக்கினேன். மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதிய பழைய கையெழுத்துகள், மை பரவிய இடங்கள், கரையான் தின்ற ஓரங்கள். பிறப்புப் பத்திர எண் என்ற கட்டத்தில் எத்தனை பேருக்கு வெறும் கோடு போட்டிருக்கிறது என்பதை அப்போதுதான் நான் கவனித்தேன். ஸ்கேன் செய்த நாட்களில் அதைப் பார்த்த நினைவே இல்லை. பக்கத்தைத் தேய்க்காமல் நேராக வைப்பதிலேயே கவனமாக இருந்திருக்கிறேன்.

நான்காவது சனிக்கிழமை அவள் சேர்ந்த ஆண்டின் பக்கம் கிடைத்தது. மேலே ஒன்பது வரிகள் தெளிவாக இருந்தன. அவள் விரலை வைத்து ஒவ்வொரு பெயராக எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஒன்பதாவது பெயரில் நின்றாள்.

"இவளுக்கு அடுத்துதான் நான் நின்னேன்க்கா. ரெண்டு பேரையும் ஒரே நாள்லதான் எழுதுனாங்க."

பத்தாவது வரி இருக்க வேண்டிய இடத்திலிருந்து பக்கத்தின் அடிவரை சாம்பல் நிறம். அவள் விரல் அந்த இடத்தில் போய் நின்றது. கையை எடுக்கவில்லை. நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கினேன், சிறிதாக்கினேன், வேறு எண்ணில் இன்னொரு பிரதி இருக்கிறதா என்று தேடினேன்.  மதியம் சாப்பிடச் சொன்னேன். வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அன்று அவளுக்கு விடுப்பு என்று இருவருக்கும் தெரியும்.

அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு பாயிடம் போனேன். அவர் மூல டிஸ்கை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தார். ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் நாற்காலியைத் திருப்பினார்.

"அந்த எடம் செத்துப் போச்சும்மா. இல்லாததை நான் வரைஞ்சு குடுக்க முடியாது."

அவள் இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். அடுத்த சனிக்கிழமையும் வந்தாள். பார்க்காத படங்கள் இன்னும் எத்தனை இருக்கின்றன என்று கேட்டாள். சேர்க்கைப் பேரேடு முடிந்துவிட்டது, மிச்சம் இருப்பது சில வருகைப் பதிவேடுகள், அவற்றில் பெரிதாக ஒன்றும் இருக்காது என்றேன். அது என்னக்கா என்றாள். வாத்தியார் தினமும் பெயர் கூப்பிட்டுக் குறித்துக்கொள்வது என்று விளக்கினேன்.

"பேரு இருக்கும்ல? பாப்போம்லா" என்றாள்.

நான் ஸ்கேன் செய்த அந்த ஒரே கட்டுக்குள் ஆறேழு புத்தகங்கள் இருந்திருக்கலாம். எந்தெந்த வகுப்பு, எந்தெந்த ஆண்டு என்றுகூட நினைவில்லை. ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பக்கம். இடப்பக்கம் பெயர்கள், பிறகு நாட்களுக்குச் சின்னச் சின்னக் கட்டங்கள். வந்தவர்களுக்கு ஒரு சாய்கோடு, வராதவர்களுக்குச் சுழி. அன்று மாலை வரை பார்த்தோம். மறு வாரம் மதியத்துக்கு முன்னால் அவள்தான் கண்டாள். தன் பெயரைப் படித்துச் சொல்லவில்லை. என் கையைப் பிடித்தாள்.

இரண்டாம் வகுப்பு. பதினான்காவது வரி. அவள் பெயரும் அப்பா பெயரும் ரோமன் எழுத்தில் இருந்தன. அக்டோபர் மாதத்துப் பக்கம் அது. மாதத் தொடக்கத்திலிருந்து வரிசையாகச் சாய்கோடுகள். ஒருநாள்கூடத் தவறவில்லை. பிறகு ஒரு புதன்கிழமை சுழி தொடங்கியது. வியாழன், வெள்ளி, அடுத்த வாரம் முழுவதும், அதற்கடுத்த வாரத்தில் மூன்று நாள். பதினொரு சுழிகள்.

வலது ஓரத்தில் குறிப்பு எழுதுகிற கட்டத்தில் ஏதோ மங்கலாக இருந்தது. பென்சில் எழுத்து. பெரிதாக்கினேன். வகுப்பாசிரியர் தமக்காகத் தமிழில் குறித்துவைத்தது போலிருந்தது. முதலில் நான் படித்தேன். படித்ததும் திரையை மூடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பிறகு மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

தாயார் இறப்பு என்று இருந்தது. அதற்கு முன்னால் தேதியும் போட்டிருந்தது. சுழி தொடங்கிய நாளுக்கு முதல் நாள்.

அவள் எழுத்துக் கூட்டித்தான் படித்தாள். இரண்டு சொல்லையும் படித்து முடித்த பிறகு திரும்பவும் முதலிலிருந்து படித்தாள்.

"செவ்வாக்கெழமையா" என்றாள். பிறகு, "வாத்தியாரு எழுதி வச்சிருக்காரு" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அழுதாள். சத்தமில்லாமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. நான் எழுந்துபோய் அடுக்களையில் நின்றேன். அந்தக் கட்டுக்குப் பதிலாக வேறொன்றைப் பிரித்திருந்தால், இந்தப் பக்கம் குழியில் எரிந்திருக்கும். கைக்கு எது முதலில் வந்ததோ அதைத்தான் எடுத்தேன். அந்த அலமாரியில் மிச்சம் இருந்தவற்றில் யார் யாருக்கு என்னென்ன எழுதியிருந்தது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

பள்ளியில் இப்போதிருக்கும் தலைமையாசிரியை அந்தப் பக்கத்தின் பிரதியோடு ஒரு கடிதம் கொடுத்தார். மூலப் புத்தகம் எங்கே என்ற கேள்வி வரும் என்று அவரே சொன்னார். அதனால் சத்தியப் பிரமாணம் எழுத வேண்டியிருந்தது. சத்தியப் பிரமாண ஆணையரின் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவர் என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். ஸ்கேன் செய்தது யார். நான். மூலத்தை அழிக்க ஆலோசனை சொன்னது யார். நான். கணினிப் பதிவு அழிந்தது யாரால். என்னால். படித்துக் காட்டிவிட்டு, சரிதானா என்று கேட்டார். சரி என்று கையெழுத்துப் போட்டேன். அவள் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இருவரும் கோலசிலாங்கூர் பதிவு இலாகாவுக்குப் போனோம். என் கணவர் காரில் கொண்டுபோய் விட்டார். முகப்பில் இருந்த மலாய்க்கார அம்மாள் காகிதங்களை நிதானமாகப் பார்த்தார். தேதி இருந்தால் தேடிப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, இறப்புப் பதிவைத் தேட உள்ளே ஆளை அனுப்பினார். வெகுநேரம் காத்திருந்தோம். அவள் தன் பையை மடியில் வைத்து இரு கையாலும் பிடித்திருந்தாள். எங்கள் எண்ணைக் கூப்பிட்டபோது எழுந்திருக்க மறந்துவிட்டாள். நான் தோளைத் தொட்டேன்.

பதிவு இருந்தது. தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரியில் இறந்திருக்கிறார். பெயர், தோட்டத்தின் பெயர், ஐ.சி. எண், எல்லாம் இருந்தன. அந்த அம்மாள் காகிதத்தை எங்கள் பக்கம் திருப்பி, ஒவ்வொரு கட்டமாகப் பேனாவால் காட்டி மலாயில் சொன்னார். வயது என்ற கட்டத்தில் இருபத்தாறு என்று போட்டிருந்தது.

அவள் மலாய் நன்றாகப் பேசுவாள். இருந்தாலும் என்னைத்தான் கேட்டாள்.

"இருபத்தாறாக்கா?"

"ஆமாம்மா."

"கடையில பில்லு போடுற புள்ள வயசு" என்றாள்.

மனுவை வாங்கிக்கொண்டார்கள். கோப்பு எண் கொடுத்தார்கள். இதை முடிவென்று சொல்ல முடியாது, மேலே போய் வர நாளாகும், நேர்காணலுக்குக் கூப்பிடலாம் என்று அந்த அம்மாள் எச்சரித்தார். அது நடந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. நேர்காணலுக்கு ஒரு முறை கூப்பிட்டார்கள். போய் வந்தாள். பதில் இன்னும் வரவில்லை. கோப்பு எண் எழுதிய சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எப்போதும் பையில் வைத்திருக்கிறாள்.

மீட்ட பக்கங்களை நான் வரிசைப்படுத்தி, அச்செடுத்து, மூன்று பிரதி செய்தேன். ஒன்று பள்ளியில் இருக்கிறது. கீழ்ப்பாதி சாம்பலாக இருக்கும் பக்கங்களையும் அப்படியே அச்சடித்துத்தான் சேர்த்தேன். வேறு தோட்டங்களுக்குப் போய்விட்ட எங்கள் பள்ளியின் பழைய மாணவர்கள் இரண்டு பேரும் விசாரித்து வந்தார்கள். ஒருவருக்கு அவர் பெயர் கிடைத்தது. இன்னொருவருடைய ஆண்டில் ஒரு பக்கம்கூட மிஞ்சவில்லை. என்ன நடந்தது, யாரால் நடந்தது என்று வாசலிலேயே அவரிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

சென்ற அக்டோபரில் அவள் என்னையும் என் கணவரையும் கெர்லிங்கில் தான் இருக்கும் அறைக்கு அழைத்தாள். கடைக்காரர்கள் கொடுத்த அறை, கடைக்குப் பின்னாலேயே இருக்கிறது. அம்மாவுக்குப் படையல் போடுகிறேன் என்றாள். இத்தனை ஆண்டும் எந்த நாளில் போடுவது என்று தெரியாமல் போட்டதில்லையாம். படம் எதுவும் கிடையாது. ஒரு விளக்கு, அதன் முன்னால் வாழையிலை. சோறு, சாம்பார், கருவாட்டுக் குழம்பு, கோழி வறுவல், முட்டை, பாயசம், வடை, ஒரு கிளாஸ் கோப்பி, பிஸ்கட் என்று இலையில் இடமே இல்லாமல் வைத்திருந்தாள்.

இவ்வளவும் எதற்கு என்று நான் கேட்டதற்கு, விளக்கின் திரியைத் தூண்டிவிட்டுக்கொண்டே பதில் சொன்னாள்.

"அதுக்கு என்ன புடிக்கும்னு தெரியலக்கா. எனக்குச் செய்யத் தெரிஞ்சதெல்லாம் வச்சிட்டேன்."

சூடம் காட்டினாள். நாங்களும் கும்பிட்டோம். பிறகு மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மூன்றரை மணிக்கு அவள் மறுபடி வேலைக்குப் போக வேண்டியிருந்தது.